சேஸிஸில் நின்ற சிவப்புக் கோடு

மணல் அடித்து வெளுத்த வேன் சேஸிஸில் வரிசையாகக் குங்குமப் பொட்டு இருப்பதைப் பார்த்ததும் காதர் பாய் போட்ட சத்தம் தாராவி மெயின் ரோடு வரை கேட்டிருக்கும்.

"வே பொன்னையா! உமக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

பொன்னையா கையில் குங்குமக் கிண்ணத்தோடு நின்றார். "வெள்ளிக்கெழம அதுவுமா வண்டிய அம்மணமா நிறுத்தி வச்சிருக்கீரு. ஒரு பொட்டு கூட வைக்கப்படாதா?"

"பெயிண்டு அடிச்ச பெறவு வையும், யாரு வேண்டாங்கா? வெறும் இரும்புல கை பட்டா எண்ணெய்ப் பசை ஒட்டும். பெயிண்டு அப்பளம் மாதிரி பொரிஞ்சு வரும்."

"என் கையில ஏது எண்ணெய்?"

"தலையில தேங்காண்ணெய் வழிஞ்சு சட்டைக் காலர் வரைக்கும் வந்திருக்கு. கையில இல்லியாம்!"

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம் அது. நான் தாராவியில் வண்டி பழுது பார்க்கும் அந்த ஷெட்டில் சூப்பர்வைசர். காதர் பாய் எங்கள் பெயிண்டர். பொன்னையா செம்பூரிலிருந்து மாதுங்காவுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்காரர். என் மகள் வத்சலாவும் அந்த வேனில்தான் போய் வந்தாள். ராணுவம் கழித்துக் கட்டிய பழைய வண்டி. கோடை விடுமுறையில் பாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிச்சட்டமான சேஸிஸை மட்டும் மரக்கட்டைகள் மேல் ஏற்றி, கம்ப்ரஸர் காற்றால் மணலைப் பீய்ச்சி அடித்தோம். எத்தனை கை மாறிய வண்டியோ, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிய தாரும் பெயிண்டும் செதில் செதிலாக உதிர்ந்தன. மணல் அடித்த இரும்பு சாம்பல் வெள்ளையாக இருக்கும். பம்பாய்க் காற்றில் அதை விட்டுவைத்தால் சாயங்காலத்துக்குள் துரு மஞ்சள் பூத்துவிடும். துரு பிடிக்கும் முன் ரெட் ஆக்ஸைடு ப்ரைமர் அடித்தாக வேண்டும். பாயின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

திட்டிக்கொண்டே பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்து ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தார். தூசிக் காற்றில் பறக்கக் கூடாதென்று பொன்னையா குங்குமத்தை எண்ணெயில் குழைத்திருந்தார். எல்லாப் பொட்டும் போயின. இடது பக்கம், பின் சக்கர ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர் அருகில் மட்டும் தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு. பாய் அழுத்தித் துடைத்தார். போனது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி சிவப்பாக நின்றது.

"என்ன வே, உம்ம சாமி எறங்க மாட்டேங்குது?" என்றார் பாய்.

பொன்னையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அது வெறும் கறையாகத் தோன்றவில்லை. மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொல்லி அந்த இடத்தில் தாராளமாகத் தடவினேன். கொஞ்ச நேரம் ஊறவிட்டுச் சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தேய்த்தேன். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். வெள்ளைத் தூளில் ஈரக்கோடு மெல்ல ஊறி வந்தது. கீழ் விளிம்பில் தொடங்கி ஒரு சாண் உயரத்துக்கு ஏறியது.

விரிசல். யாரோ எப்போதோ அதில் பட்டி மாவை அடைத்துப் பெயிண்ட் பூசி மறைத்திருக்கிறார்கள். மணல் அடித்ததில் மாவு உதிர்ந்து, பொட்டின் எண்ணெய் உள்ளே இறங்கித் திரும்பத் திரும்பக் கசிந்திருக்கிறது.

பொன்னையாதான் முதலில் பேசினார். "திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்காங்க சார். வண்டி வரலன்னா எல்லாரும் வேற வேனுக்குப் போயிருவாங்க. இத்தன நாள் ஓடலியா? இப்ப ரெண்டு கோட்டு அடிச்சு விடுங்க, பொறவு பாத்துக்கிடுவோம்."

பாய் என்னைப் பார்த்தார். நான் முடியாது என்று சொல்லலாம். ஆனால் வண்டி பொன்னையாவுடையது. டெம்போவில் ஏற்றி அடுத்த சந்துக்குக் கொண்டுபோனால் யாராவது கேள்வி கேட்காமல் அடித்துக் கொடுப்பார்கள். திங்கட்கிழமை என் வாசலிலேயே வந்து நிற்பார். நான் வத்சலாவை ஏற்றாமல் தடுப்பேன். மற்றப் பிள்ளைகளை?

அதட்ட வாய் வரவில்லை. "பொன்னையா, இந்த இடத்துக்கு நேர் மேல யார் உக்காருவா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து, பாடி இல்லாத வெற்று இடத்தைப் பார்த்தார். விரலால் காற்றில் பெஞ்சுகளை எண்ணினார்.

"கடேசி பெஞ்சு. ஜன்னலோரம் ஒங்க வத்சலா பாப்பா. அடுத்து டாக்டர் வீட்டு மொட்டை. அவன் ஒரு எடத்துல இருக்க மாட்டான், குதிச்சுக்கிட்டே வருவான். பொறவு அந்த அழுகுணிப் பய..."

விரல் அப்படியே நின்றது. கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "வெல்டிங்குக்கு யார வே கூப்பிடணும்?" என்று பாயிடம் கேட்டார்.

விரிசல் மேலே போகாமலிருக்க அதன் நுனியில் துளை போட்டு, வெல்டிங் செய்து, மேலே இரும்புப் பட்டை வைத்து ரிவெட் அடித்தோம். மறுபடி மணல் அடித்து, அதன் பிறகுதான் ரெட் ஆக்ஸைடு. பள்ளி திறந்த வாரம் முழுவதும் இதிலேயே போனது.

பள்ளி திறந்த திங்கட்கிழமை காலை, மழைத் தூறலில், செம்பூர் எங்கும் பொன்னையாவின் ஹார்ன் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வேனின் ரப்பர் ஹார்னைக் கழற்றிக் கையில் வைத்து அமுக்கியபடி, காக்கிச் சட்டையும் குடையுமாக நடந்து வருகிறார். பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். ஆளுக்கு ஆள் கை கோத்து டபுள் டெக்கர் பஸ்ஸில் ஏறினார்கள். "க்யா பாய், பராத் லேகே ஆயா?" என்று, கல்யாண ஊர்வலமா கூட்டி வந்தாய் என்கிற மாதிரிக் கண்டக்டர் கேட்டதும், மொட்டை ஹார்னைப் பிடுங்கி ஒரு அமுக்கு அமுக்கினான்.

நானும் கூட்டத்தில் ஒளிந்து அதே பஸ்ஸில் ஏறியிருந்தேன். பொன்னையா பார்த்துவிட்டார். "சார், நீங்க எந்த வகுப்பு?" என்றார். பஸ்ஸே சிரித்தது. வத்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு பிள்ளைகூட வேறு வேனுக்குப் போகவில்லை.

ஷெட்டில் புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். மணல் அடித்த சேஸிஸ் எதுவானாலும், மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போட்டுப் பார்க்காமல் நான் ப்ரைமர் டப்பாவைத் திறக்க விடமாட்டேன். அந்த இடத்துக்கு மேல் யார் உட்காருவார்கள் என்றும் கேட்பேன். இதற்காக என்னைக் கேலி செய்கிறீர்கள் என்று தெரியும். செய்யுங்கள். பெயிண்ட் எதையும் தாங்காது, மூடத்தான் செய்யும். தாங்குவது அடியில் இருக்கும் இரும்பு.

அடுத்த வாரம் வேன் புதுக் கறுப்பில் மினுமினுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. நான் குனிந்து அந்த இரும்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வத்சலா பையோடு பக்கத்தில் வந்து நின்றாள். தெருமுனையில் திரும்பிய டபுள் டெக்கரையே பார்த்தாள்; முகம் வாடியிருந்தது.

"ஏம்ப்பா, இது இன்னொரு வாட்டி ஒடையாதா?"