பூத்த மரத்தில் கை வைத்த சித்தி

என் சித்தி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தாள் என்றால், மின்விசிறிக்குக் கீழே நின்று பாடம் நடத்தினாள் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டக்கலை படித்த அவளை, காய்கனி பயிரிட்டு விற்று நாலு காசு பார்ப்பது எப்படி என்று மலைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஜவ்வாது மலைக்கு அனுப்பியிருந்தார்கள். போளூரில் எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு, விடிந்தால் மலை பஸ் ஏறுவாள்; பொழுது சாய்ந்தால் செருப்பெல்லாம் செம்மண்ணாக இறங்குவாள். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இப்படியும் ஒரு வேலையா என்று அம்மா புலம்பாத நாள் கிடையாது. மலையில் அவளுக்கு ‘மாங்கன்னு டீச்சர்’ என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கல் விடுமுறை. எனக்குப் பத்து வயது. அழுது அடம்பிடித்து நானும் அவளோடு கிளம்பினேன். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டியது. சித்தியோ என்னைத் திட்டக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கவலை அவளுக்கு. சாமையும் கேழ்வரகும் விதைத்தே பழகிய ஊரில் ஒரே ஒரு குடும்பம்தான் அவள் பேச்சை நம்பி ஒட்டுமாங்கன்று நட்டிருந்தது. மற்றவர்கள், “அவங்க வூட்டுது பொழைக்கட்டும், அப்பால பாக்கலாம்” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தத் தோட்டம் கெட்டால் அப்புறம் அந்த மலையில் சித்தியை ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

போய்ப் பார்த்தால், அடேயப்பா, தோட்டமே பூத்து நின்றது! என் இடுப்பு உயரம்கூட வராத கன்றுகளில் கொத்துக் கொத்தாய்ப் பூ. சிலவற்றில் மிளகளவு பிஞ்சு. எனக்குக் கைதட்டத் தோன்றியது. சித்தி முகம் செத்துப்போயிற்று. பூ வந்தால் கிள்ளிப் போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாளாம். இவர்களோ தண்டுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் கயிறும் கட்டியிருந்தார்கள். முதல்முதலாகப் பூத்த மரம் வயசுக்கு வந்த பெண் மாதிரியாம். சடங்கு செய்யாமல் விடலாமா?

“இன்னாங்க டீச்சரம்மா, பூத்த மரத்துல கை வெக்கச் சொல்றீங்க? வூட்டுக்கு ஆவுமா?” என்றார் தோட்டக்காரர். “மொத காய் அம்மனுக்குன்னு வேண்டிக்கினு கீறோம்.” வேலியோரம் வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம்தான் தலையாட்டினார்கள்.

பெரியவர்கள் வழக்காடிக்கொண்டிருக்க, அவர் மகள் பொன்னி என்னை ஓரமாக இழுத்துப் போனாள். என்னைவிட இரண்டு வயசு பெரியவள். “பங்குனில எனக்குக் கண்ணாலம். மாமா பையனுக்குக் குடுக்கறாங்க. நீ வர்றியா?” என்று காதில் சொன்னாள். எனக்கு வாயெல்லாம் பல். கல்யாணம் என்றால் பாயசம், புதுப் பட்டுப்பாவாடை. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நான்தான் நிற்பேன் என்று அப்போதே இடம் பிடித்துவிட்டேன். சித்தியிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போடக்கூடாது என்று காரியத்தைக் கெடுத்துவிடுவாள்.

அதற்குள் சித்தி, தோட்டக்காரரை விட்டுவிட்டுப் பொன்னியின் அம்மாவிடம் திரும்பியிருந்தாள்.

“இது ஒட்டுக்கன்னுக்கா. காய்க்கிற மரத்துக் கிளைய வெச்சி ஒட்டினது, அதான் அவசரப்பட்டு பூத்துடுச்சி. பூக்கறது வேற, சொமக்கறது வேற. இப்பவே காய் புடிச்சா தண்டு பெருக்காது, வேர் எறங்காது. அப்படியே குன்னிப் பூடும். சிலது செத்தே பூடும்.”

அந்த அம்மாள் கன்றைப் பார்த்தாள். தன் கண்ணாடி வளையலை என் கையில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னியைப் பார்த்தாள். மறுபடியும் கன்றைப் பார்த்தாள்.

“பூத்துடுச்சே, ஆளாயிடுச்சின்னு நெனச்சேன்,” என்றாள். “எத்தினி வருஷம் உட்டு வெக்கணும்?”

“மூணு நாலு வருஷம்க்கா.”

“அதுவரிக்கும் சும்மா நின்னா வீணா போவாதா? நாலு பேரு நாலு விதமா பேச மாட்டாங்களா?”

மாமரத்தைப் பற்றி நாலு பேர் என்ன பேசப்போகிறார்கள் என்று சித்தி விழித்தாள். ஆனாலும் விடவில்லை. “பேசறவங்க பேசட்டும்க்கா. நல்லா தெம்பா வளந்துட்டா ஆயுசுக்கும் தாங்கும்.”

பொன்னியின் அம்மா உள்ளே போய் முறத்தை எடுத்து வந்தாள். முதல் கன்றின் முன்னால் குந்தி, கொத்தை ஒடித்து முறத்தில் போட்டாள். “ஏய், இன்னாடி பண்ற?” என்று கத்தினார் புருஷன்.

“அம்மனுக்குப் பழந்தான் வோணுமா? பூவு குடுத்தா வாணாம்னு சொல்லிடுவாளா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். சித்தியும் கூடக் குந்திக்கொண்டாள். தோட்டம் முழுக்கக் கிள்ளி, முறத்துப் பூவை அம்மன் கல்லுக்கு முன்னால் கொட்டிக் கும்பிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தி தன்பாட்டுக்கு முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தாள். எனக்குக் குமட்டலே வரவில்லை.

பங்குனி பிறந்தது. பட்டுப்பாவாடை கேட்டு அம்மாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் சித்தி மலையிலிருந்து துள்ளாத குறையாக வந்தாள். கன்றெல்லாம் புதுத் துளிர் விட்டிருக்கிறதாம். வேலியோரம் வேடிக்கை பார்த்தவர்களே, எங்களுக்கும் கன்று கொடு என்று கேட்கிறார்களாம்.

“அப்புறம் பொன்னிய ஆஸ்டல்ல போட்டுப் படிக்க வெக்கப் போறாங்களாம்,” என்றாள். “இன்னும் மூணு நாலு வருஷம் பெருக்கட்டும் டீச்சரம்மான்னு அவங்கம்மா சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல.”

“அப்ப கல்யாணம்?” என்று அலறினேன்.

“யாருக்குடி கல்யாணம்?”

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொன்னி சொன்னதை மறுபடியும் சொல்லச் சொன்னாள். பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பூத்த மரத்தில் கை வைத்தால் ஆகாது என்று அந்த மனுஷர் தலையில் அடித்துக்கொண்டாரே, கேட்டாளா? இப்போது பாருங்கள், நல்ல கல்யாணம் ஒன்று நின்றுபோயிற்று. என் பாவாடையும் போயிற்று.

சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். சித்தி என் பங்கையும் சேர்த்து வழித்துச் சாப்பிட்டாள். கெடுக்கிறதையும் கெடுத்துவிட்டு ஒருத்தியால் எப்படி இவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட முடிகிறது என்றுதான் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.