அண்ணனைக் கொன்ற மருந்து தங்கைக்கு நிறுத்தப்பட்ட வரலாறு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

யுத்தம் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்ட ஆண்டில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் என்னுடன் வாழும் மனைவி தெரேசாவுக்குக் குடலில் புற்றுநோய் கண்டது. சத்திரசிகிச்சையின் பின் முதன்முறை மருந்தேற்றினார்கள். சில நாட்களில் வாய் முழுவதும் வெந்தது. வயிற்றோட்டம் நிற்கவில்லை. இம்மருந்து எவரையும் சற்று வருத்தும் என்றார் வைத்தியர். குடும்பத்தில் வேறெவருக்கேனும் இது கொடுக்கப்பட்டதா என்றும் வினவினார். இல்லை என்றோம். நாங்கள் அறிந்தது அவ்வளவே.

திங்கட்கிழமை மீண்டும் ஏற்ற வேண்டும். ஏற்றினால் தாங்கமாட்டாள், விட்டால் நோய் கொல்லும். மாதாவின் படத்தின் முன் முழந்தாளிட்டேன்.

“செபமாலையை நீங்களே சொல்லுங்கோ. எனக்கு ஆமென் சொல்லவும் வாயில்லை,” என்றாள் தெரேசா.

எது சரியென்று காட்டும் தாயே என அழுதேன்.

ஞாயிறு பூசை முடிந்து திரும்பியபோது, தெரேசாவின் காலஞ்சென்ற அண்ணனின் மனைவி பிலோமினா வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தார். சோதனைச் சாவடிகளுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளிவராதவர், அன்று ஏனோ புறப்பட்டிருந்தார். நோயாளியின் வாயைக் கண்டதும் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

“அவருக்கும் இப்பிடித்தான் வெந்தது, தெரேசா.”

“அண்ணாவுக்கு அல்சர் எண்டெல்லோ சொன்னனீங்கள், அண்ணி?”

“கான்சர். கட்டிக்குடுக்க மூண்டு குமர்ப்பிள்ளையளை வச்சுக்கொண்டு அதை வெளியில சொல்ல ஏலுமே? முதல் மருந்தோடயே மனுசன் போயிட்டார்.”

கடைகடையாய்த் தேடி வாங்கியவராதலால் மருந்தின் பெயரை அவர் மறக்கவில்லை. இதே மருந்துதான்.

மறுநாள் இதைச் சொன்னதும் வைத்தியர் விளக்கினார். இம்மருந்தை உடலுக்குள் சிதைத்து வெளியேற்றும் நொதியம் சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு. பிறரில் விரைவாய்க் கழிவது அவர்களுக்குள் தங்கி நஞ்சாகும். அக்குறை ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்குப் பொதுவாய் இருக்கலாம். பரிசோதிக்க இங்கு வசதியில்லை, இன்னோர் உயிரை வைத்துப் பரிசோதிக்க மாட்டேன் என்று சொல்லி, மருந்தை மாற்றினார்.

தெரேசா பிழைத்தாள். ஆண்டவருக்கு நன்றி. ஆயினும் என் நன்றி கசக்கிறது. தன் கணவருக்காகப் பிலோமினாவும் செபித்தார். அவரிடம் எவரும் வந்து சொல்லவில்லை. ஏனென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போல் எழுதவும் மாட்டேன். உண்மை வெளிவந்தபின், அவருடைய மூத்த மகளின் மாமியார் வீட்டார் அவரோடு கதைப்பதில்லை.

நோயாளர் வீடுகளுக்கு இப்போது நான் செபிக்கப் போகிறேன். நம்பிக் கேளுங்கள் என்கிறேன். வைத்தியர் கேட்பதற்கு மறைக்காமல் விடை கூறுங்கள் என்றும் சொல்கிறேன்.

எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் இக்குறை இருக்கலாம். ஆகவே அவர்களுக்கு இம்மருந்து ஏற்ற நேர்ந்தால் எடுத்துப் பார்ப்பதற்காக, இக்கடிதத்தை எறிந்துவிடாது வைத்திருக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்.