சந்தேகம் தந்து காலைக் காத்தவள்

என் வீட்டுக்காரரின் வலது கால் போயிருக்க வேண்டியது. போகவில்லை. எங்கள் தெரு மாரியம்மன் காத்தாள். எப்படிக் காத்தாள் என்று சொன்னால் சிலர் சிரிப்பீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் பட்டு நெய்து பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. தறியில் உட்கார்ந்தால் காலால்தான் மிதிக்க வேண்டும். கால் இல்லையென்றால் தறி ஓடாது, அடுப்பும் எரியாது.

தெருக்கோடியில் ஒரு அரிசி மில். ஆயுத பூஜையன்று மாலை அங்கே லாரிக்குப் பூஜை போடுவார்கள். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடி மேல் மாலை தொங்கவிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியதும், தெரு ஜனத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நெல் காயவைக்கும் களத்தை ஒரு சுற்று வருவது வழக்கம். டிரைவர் துரை இவருடைய சிநேகிதர். அவர் கூப்பிட்டார் என்று இவரும் ஏறி, லாரியின் பக்கவாட்டுப் பலகைமேல் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் பார்த்து இரண்டு லாரி. இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றக் கிளம்பின, ஆளுக்கொரு பக்கமாக. களத்தை ஒட்டிய நெல் கிடங்கின் மூலையில் திரும்பும்போது எதிரே வந்த வண்டி துரைக்குத் தெரியவில்லை. வாழை இலையும் மாலையும் கண்ணாடியை மறைத்திருந்தன. இரண்டும் பக்கவாட்டில் மோதி உரசின. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். இவர் கால் நடுவில் மாட்டி எலும்பு முறிந்தது.

நான் தலையில் அடித்துக்கொண்டு ஓடினேன். மில் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரோட்டுல நடந்திருந்தா போலீஸு, கேஸு எல்லாம் வரும்மா. இது நம்ம காம்பவுண்டுக்குள்ள நடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க, எப்படின்னு கேட்டு பேஜாரு பண்ணுவாங்க. எலும்பு கட்டுறவர நாங்களே இட்டுகினு வரோம்."

எனக்கு அப்போதே உறுத்தியது. கேட்காமல் உதவி செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது. பால்காரர் ஊற்றிய பாலையே எட்டிப் பார்க்கிறவள் நான். ஆனால் வலியில் துடிக்கிறவரை வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

கட்டுக்காரர் வந்தார். மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றி, இறுக்கிக் கட்டினார். "கட்டுல கையும் படக்கூடாது, தண்ணியும் படக்கூடாது. நான் வந்துதான் அவுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் இரவெல்லாம் கத்தினார். விடிந்ததும் வலி குறைந்துவிட்டது என்றார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு வலி எங்கே போயிருக்கும்? கட்டுக்காரர் மில்லின் ஆள்தானே? துரை ஏன் விடிந்ததிலிருந்து எங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்? நாங்கள் போலீசுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவா? துரையிடமே கேட்டுவிட்டேன். அவர் வாசலைவிட்டு நகரவில்லை.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு சாமி மேலயே சந்தேகம் வரும்டி. சும்மா கெட!"

அழுதுகொண்டே கோயிலுக்குப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. அம்மன் முன்னால் நின்று வாய்விட்டே கேட்டேன்: "தாயே, என் புத்திதான் கோணல்னா இந்தச் சந்தேகத்த எடுத்துடு. இல்லன்னா காரணத்தக் காட்டு. அந்தக் கால நம்பித்தாம்மா எங்க குடும்பம்." பூசாரி ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொடுத்து, அடிபட்ட காலில் ஊற்றச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அம்மன் தண்ணீர் ஊற்றப்போகிறேன் என்று சொன்னேன். கட்டு நனையக்கூடாதே என்று, வெளியே தெரிந்த விரல்களில் மட்டும் ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீர், அப்படிச் சில்லிட்டிருந்தது. அவர் அசையவே இல்லை.

"இன்னாடி நின்னுகினு இருக்க? ஊத்து."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஊத்திட்டேங்க!"

விரல்களைத் தொட்டேன். மரக்கட்டை மாதிரி இருந்தன. மஞ்சளைத் துடைத்தால் அடியில் நீலம். தறியில் நூல் நறுக்கும் கத்தரியை எடுத்து அந்தக் கட்டை வெட்டினேன். மாமியார் கையைப் பிடித்து இழுத்தார், அக்கம்பக்கத்தார் திட்டினார்கள். நான் நிறுத்தவில்லை.

துரை எட்டிப் பார்த்தார். உடனே மில்லுக்கு ஓடி, அதே லாரியை எடுத்து வந்தார். "ஏறுங்க அண்ணி, ஜல்தி. வேலூருக்குப் போயிடலாம்."

"மேனேஜரக் கேட்டீங்களா?"

"கேட்டா உடுவாரா? வேல போனா போவுது."

அப்போதும் என் சந்தேக புத்தி போகவில்லை. வண்டி வேலூருக்குத்தான் போகிறதா என்று ஊர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கட்ட யார் வெட்டினது?" என்றார். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே, "நான்தாங்க. சந்தேகமா இருந்துச்சு" என்றேன்.

"இறுக்கிக் கட்டினதுல ரத்த ஓட்டமே நின்னிருக்கு. நீங்க சந்தேகப்பட்டதாலதாம்மா கால் மிஞ்சியிருக்கு."

அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன். நான் காரணம் கேட்டேன், தாய் தன் தண்ணீராலேயே காட்டிவிட்டாள். ஊரே குறையாகச் சொன்ன என் குணத்தை வைத்தே எனக்கு வழி விட்டாள். ஆபரேஷன் நடந்தது. இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது, ஆனால் அதே காலால்தான் இவர் தறி மிதிக்கிறார். வேலை போன துரை வேறொரு லாரிக்குப் போனார். பண்டிகைக்கு எங்கள் வீட்டில் அவருக்குத்தான் முதல் இலை. அவர்மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அம்மனிடம் கேளுங்கள். தயங்காமல், கூச்சப்படாமல் கேளுங்கள். மனசில் ஒன்று உறுத்தினால் அதை அதட்டி அடக்காதீர்கள். பதில் சொல்லிக்கொண்டிருப்பது அவளாகவும் இருக்கலாம்.

இப்போதும் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து இவர் கால் விரல்களில் ஊற்றுகிறேன். ஊற்றிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "ஐயோ, சில்லுனு கீதுடி!" என்று காலை இழுத்துக்கொள்வார். அதைக் காதால் கேட்ட பிறகுதான் அடுப்பு பற்றவைக்கப் போவேன்.