ராக்காயி அம்மாளுக்கு மட்டும்

"கோலத்துக்கு எவடி பட்டா வாங்கி வச்சிருக்கா? பாத்துப் போடத்தானே கோலம்! அதுவும் போக, நான் யாருக்கும் குடுக்கல" என்று யோகலட்சுமியிடம் கத்தினேன். முப்பது வருசம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தும், என் வாய்க்கு ஈடான சரவெடியை நான் பார்த்ததில்லை.

யோகலட்சுமி அடுத்த வீட்டுக்காரி. வெடிக்கு மருந்து செலுத்தும் வேலையில் விரல்கள் வெந்துபோய், கம்ப்யூட்டர் படித்தவள். நூறு கோலம் வரைந்து, சி.டி.யில் புத்தகமாக்கி விற்றாள். இலவச டி.வி.யில் பிளேயரை மாட்டினால் பக்கம் பக்கமாக வரும். அது விற்காவிட்டால் அவள் திரும்பவும் மருந்து அறைக்குத்தான் போக வேண்டும். எனக்கு ஒன்றை ஓசியில் கொடுத்தாள்.

"யாரையும் காப்பி போட விட்றாதீக அத்தே. இது உங்க பொறுப்பு."

நானும் பூம்பூம் மாடாகத் தலையாட்டினேன். மார்கழி பிறந்ததும் தெருப் பெண்கள் கேட்டு வந்தார்கள். புருசன் செத்துப் பதினெட்டு வருசத்தில், என்னிடம் வந்து ஒருத்தி ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. கிறுகிறுத்துப்போய்த் தூக்கிக் கொடுத்துவிட்டேன். பிரவுசிங் சென்டரில் பதினொரு காப்பி போட்டுக்கொண்டார்கள்.

நான் கத்தி முடித்ததும், யோகலட்சுமி என்னை அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான வள்ளித்தாய் வாசலுக்கு இழுத்துப்போனாள். பெரிய தாமரைக் கோலம். அடியில் கோலமாவிலேயே ஏதோ எழுத்து.

"என்னடி அது?"

"'ராக்காயி அம்மாளுக்கு மட்டும்'னு இருக்கு. யாருக்குக் குடுக்கேனோ அவுக பேரை ஒவ்வொரு பக்கத்துலயும் போட்டுத்தான் குடுப்பேன்."

என்னைப்போலவே கைநாட்டான வள்ளித்தாய் வெளியே வந்தாள். "அதுவும் டிசைனுன்னுல்ல நெனச்சேன் மதினி! அந்தச் சுழிகளைப் போடத்தான் இடுப்பு ஒடிஞ்சிருச்சு."

ஊரில் திருடுகிறவன் முகத்தை மூடிக்கொள்வான். நான் என் பேரைத் தெருவில் மாக்கோலமாகப் போடவைத்திருக்கிறேன்.

"இந்தத் தெருவுலயே ஒண்ணும் விக்கல அத்தே. தை பொறந்ததும் மருந்து ரூமுக்கே போறேன்" என்றாள் யோகலட்சுமி. வெந்த விரல்கள் சரியாக மடங்கவில்லை.

அன்றைக்கே வீடு வீடாகப் போய்க் காப்பிகளைப் பிடுங்கி முறித்தேன். "காசு குடுத்து வாங்குங்கடி!"

"குடுத்தது நீங்க. நீங்களே வாங்கிக் குடுங்க" என்றாள் காப்பியைப் பறிகொடுத்த பொன்மணி. அவள் கேட்டதும் நியாயம்தான்.

"பதினொண்ணு குடுடி" என்று யோகலட்சுமியிடம் போய் நின்றேன். "அவுகவுக பேரைப் போட்டுரு. கொசுறு ஒண்ணு உண்டா?"

"ஓசியில ஒண்ணு குடுத்துத்தான் அத்தே இந்தப் பாடு."

பதினொரு சி.டி., நானூற்று நாற்பது ரூபாய்.