காளவாசலில் குடித்த பருத்திப்பால்

மேசைப்பந்து ஆட்டத்துக்குத் தாமதமாக வந்தால் புள்ளியைக் குறைப்பார்கள் என்று நான் நம்பினேன். நம்பியதோடு விட்டிருக்கலாம்.

காலை 8.15. திருநகரிலிருந்து ஆட்டோவில் கிளம்பினோம். ஒத்தக்கடை வரை சுமார் இருபது கிலோமீட்டர். 450 ரூபாய் பேசியிருந்தேன். என் அக்கா மகள் பவித்ராவுக்கு இருபது வயது. அங்கே ஒரு கல்லூரியில் அவளுக்கு அணித் தேர்வின் கடைசி ஆட்டம். வென்றால் சென்னைக் கிளப் ஒன்றில் மாதச் சம்பளத்தோடு இடம். இருந்ததே ஒரு இடம்தான்.

8.40. காளவாசலில் பருத்திப்பால் வண்டியைப் பார்த்துவிட்டேன்.

“இங்க நிப்பாட்டுனா சிக்னல்ல மாட்டிக்குவோம்ணே,” என்றார் ஓட்டுநர்.

“அஞ்சு நிமிசந்தாண்ணே.”

குடித்தது ஐந்து நிமிடம். சிக்னலைத் தாண்டியது இருபத்தைந்து நிமிடம்.

9.40. ஒன்பதரைக்கு வரச் சொன்ன அரங்குக்குள் ஓடினோம். பவித்ரா நடந்துதான் வந்தாள், ஓடியது நான்.

10.50. கடைசி செட். எதிரே ஆடிய திருச்சிப் பெண் பத்து, பவித்ரா ஒன்பது. பவித்ரா சர்வீஸ் போட்டாள். நடுவர் கையைத் தூக்கி “லெட்!” என்றார். என் காதில் அது ‘லேட்’ என்று விழுந்தது. எழுந்துவிட்டேன்.

“சார், தப்பு என் மேல! நான்தான் ஆட்டோவ நிப்பாட்டுனேன். புள்ளைக்குப் பாயிண்ட கொறைக்காதீங்க!”

அரங்கமே சிரித்தது. “சர்வீஸ் வலையில பட்டுச்சு, மறுபடி போடச் சொன்னேன். உக்காருங்க சார்,” என்றார் நடுவர்.

“மாமா, அது லேட்டு இல்ல, லெட்டு. அம்புட்டுதான். பேசாம இருங்க,” என்றாள் பவித்ரா.

மறுபடி போட்ட சர்வீஸில் புள்ளி எடுத்தாள். பத்துக்குப் பத்து. இனி இரண்டு புள்ளி முந்துபவருக்குத்தான் வெற்றி. அடுத்த புள்ளி திருச்சிக்கு. அதற்கடுத்த பந்து வெகுநேரம் இங்கும் அங்கும் போய் வந்தது. கடைசியில் திருச்சிப் பெண் அடித்தது வலையின் உச்சியில் பட்டு, பவித்ரா பக்கம் பொத்தென்று விழுந்தது. அந்த வார்த்தையை இப்போது சொல்லமாட்டாரா என்று நடுவரின் வாயையே பார்த்தேன். சொல்லவில்லை. அதிர்ஷ்டத்தில் கிடைத்த புள்ளிக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் திருச்சிப் பெண் கையைத் தூக்கினாள்.

11.30. ஒத்தக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றோம்.

“நான் கத்துனதாலயா பாப்பா?”

“கத்துன பெறகும் ஒரு பாயிண்ட் எடுத்தேன்ல?”

“அப்ப கடைசிப் பந்துக்கு ஏன் லெட்டு குடுக்கல?”

“சர்வீஸுக்கு மட்டுந்தான் மாமா லெட்டு.”

தாமதத்துக்காக யாரும் எதையும் குறைக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு என்று பவித்ரா தோற்றாள். சென்னை இடம் திருச்சிப் பெண்ணுக்குப் போனது.