தறிக்குழியில் ஒரு கை

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிறன்று ஜப்பான் கார்ட்டூன் படம் போட்டார்கள். "பொம்மைப் படம்தானே!" என்று என் ஆறு வயது மகளை அங்கே உட்காரவைத்துவிட்டு நெய்ய வந்துவிட்டேன்.

அழைத்துவரப் போனபோது ஒரு பிள்ளையும் மூச்சுவிடவில்லை. திரையில் ஒருத்தி நெய்துகொண்டிருந்தாள். தறிக்குக் கீழிருந்து வெளுத்த கை ஒன்று அவள் கணுக்காலை மெல்லத் தடவியது. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், படம் முடியும்வரை நானும் அசையாமல் நின்றேன்.

மறுநாள் தறிக்குழிக்குள் கால்களை இறக்கி மிதிக்கட்டையைத் தேடினேன். மகள் இமைக்காமல் பார்த்தாள்.

"ஏந்திருமா. அது உன் கால தடவிக்கினு இருக்குது."

குனிந்து பார்க்கத் துணிவில்லை. பாதம் சில்லென்றிருந்தது.

வரைந்த படமென்றால் குழந்தைகளுக்கானது என்று இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை. முதலில் நான் பார்க்கிறேன். பட்டப்பகலிலும் குழிக்குள் விளக்கைக் காட்டிவிட்டுத்தான் நெய்ய உட்காருகிறேன்.