பாலைவனம் காட்டப் போன கதை

கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம். "எங்கேயாவது ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. வேற எதுவும் வேணாம்" என்றாள் மனைவி. நியாயமான ஆசைதான். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிற எனக்கு வெயில் காலத்தில் வேலை, மழைக்காலத்தில் சோம்பல். இந்த இரண்டையும் காரணம் காட்டியே கால் நூற்றாண்டை ஓட்டியிருந்தேன்.

அந்த வாரம் கைப்பேசியில் ஒரு வீடியோ வந்தது. கடலோரத்தில் பெரிய மணல்மேடு. அதன்மேல் கூலிங்கிளாஸ் போட்ட ஓர் இளைஞன், "துபாய்க்கெல்லாம் போக வேணாம் மக்களே!" என்று கத்திக்கொண்டிருந்தான். மேப்பில் பார்த்தால் அரைமணி நேரம்கூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். என் தாராள மனசை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு பயம். இடம் அனுமந்தைப் பக்கம் இருந்தது. மனைவி பிறந்த ஊர். மச்சான் வீட்டில் மாட்டினால் மீன் குழம்பு, ஊர்க்கதை என்று பொழுது போய்விடும். நல்லவேளை, ஊருக்குள் நுழையும் முன்பே ஒரு மண்பாதையில் திரும்பச் சொன்னது மேப். திரும்பினேன். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

சவுக்குத் தோப்பில் காரை நிறுத்திவிட்டு ஏறினோம். புது ஷூவோடு நான் இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்கினேன். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்து மேலே போய் நின்றாள். "பார்த்து, பார்த்து! மணல்ல கால் பொதையும்" என்று கீழேயிருந்து எச்சரித்தேன். அப்போது நான் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

உச்சியைத் தொட்டதும், மூச்சு வாங்க வாங்க, வழிகாட்டி வேலையைத் தொடங்கினேன். காற்றுதான் மணலைக் குவிக்கிறது, இந்தக் கொடிதான் அதைப் பிடித்து வைக்கிறது என்று வீடியோவில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன்.

"இந்தக் கொடிக்குப் பேரு இன்னா தெரியுமா?"

"அடப்பங்கொடி."

எனக்கே அதுவரை தெரியாது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்தப் பக்கச் சரிவில் சில வீடுகளின் பின்புறம் தெரிந்தது. "பாவம், இங்கேயே குடியிருக்காங்க. இடத்தோட அருமை தெரியாது" என்றேன். ஒரு வீட்டின் பின்னால் வலையை உலர்த்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா மாமா, பின்னாடி வழியா வர்றீங்க? வாசல்ல வரக்கூடாதா?"

என் மச்சான்.

கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சாப்பிட்டவன், ஒரு தடவையாவது பின்பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் இந்த மேடு தெரிந்திருக்கும்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?" அசடு வழிய மனைவியிடம் கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்தா சாப்பிட்ட கை காயறதுக்குள்ள கார் சாவியத் தேடுவீங்க. இன்னைக்குத்தான் எங்க ஊர் பக்கம் ஆசையா கெளம்பினீங்க. நான் சின்ன வயசுல வெளையாடின மேடுன்னு சொன்னா வண்டியத் திருப்பிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

'சேச்சே, நானா?' என்று சொல்ல வாயெடுத்தேன். திருப்பித்தான் இருப்பேன்.